நம் வீட்டுப் பிள்ளை பேட்டண்ட் வக்கீல் ஆகலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள். கடைசியில் உங்கள் கருத்து எனக்கு வேண்டும். நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை இதில் இருக்கிறது.

போன மாதம் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பெண் எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முடித்துவிட்டு ஒரு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இப்போது திடீரென்று, "நான் சட்டம் படிக்கப் போறேன், பயோடெக்னாலஜி பேட்டண்ட் வக்கீல் ஆகப் போறேன்" என்கிறாளாம்.

மாப்பிள்ளை மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"அத்தை, அஞ்சு வருசம் படிக்க வெச்சாச்சு. இன்னும் மூணு வருசம் வக்கீலுக்குப் படிக்கோணுங்கறா. அப்புறம் எப்ப கல்யாணம் பண்றது? மூணு தலைமுறையா கோர்ட்டு வாசப்படி மிதிக்காத குடும்பம் நம்முளுது. அதுவுமில்லாம, அந்தப் பேட்டண்டுக்காரங்கதானே நம்ம மஞ்சளையே அவங்களுதுன்னு எழுதி வாங்குனாங்க? அந்தக் கூட்டத்துல போயா நம்ம புள்ளை சேரோணும்? நீங்க சொன்னா கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

சரி, சொல்கிறேன் என்றேன். ஆனால் என்ன சொல்வது? நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். முப்பத்தாறு வருடம் ஒன்றியப் பள்ளியில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். பேட்டண்ட், அதாவது காப்புரிமை என்றால் என்ன என்று செய்தித்தாளில் படித்ததற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் ஒரு பிள்ளையிடம் "வேண்டாம்" என்று சொல்லும் தப்பை நான் ஏற்கெனவே ஒரு முறை செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால் இந்த முறை, சொல்வதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவு செய்தேன்.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை. அவன் அப்பா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர். இவன் இன்று சென்னையில் உயிரித் தொழில்நுட்பக் காப்புரிமைகளையே முக்கியமாகப் பார்க்கும் வழக்கறிஞர். போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் பாடம் எடுத்தான். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன்!

அவன் சொன்ன முதல் வாக்கியமே எனக்குப் பாதி விஷயத்தைப் புரியவைத்துவிட்டது.

"டீச்சர், நான் எங்கப்பா தொழிலைத்தான் செய்யறேன். அவரு நிலத்துக்குச் செக்குபந்தி எழுதினாரு. நான் கண்டுபிடிப்புக்குச் செக்குபந்தி எழுதறேன்."

நிலப் பத்திரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் பூமி என்று நாலு பக்க எல்லையும் எழுதியிருக்கும். அதில் ஒரு சொல் தவறினால் இரண்டு தலைமுறைக்குச் சண்டை. காப்புரிமையிலும் அப்படித்தானாம். விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதில் எதுவரை அவருடையது, எது ஊருக்குப் பொது என்று வார்த்தைகளால் வேலி போட வேண்டும். அந்த வேலி வாக்கியங்களுக்கு உரிமைக் கோரிக்கைகள் என்று பெயர். விண்ணப்பம் எத்தனை பக்கம் இருந்தாலும் உயிர் இருப்பது அங்கேதான். உரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அந்த 20 வருடமும் அடுத்தவர் அந்த வேலிக்குள் அனுமதியில்லாமல் வர முடியாது. அதற்குக் கைம்மாறாக, கண்டுபிடித்தவர் தன் வித்தையை ஊரறிய எழுதிவைத்துவிட வேண்டும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் சொந்தம்.

ஓர் உதாரணம் சொன்னான். ஒரு மருந்தில் மூன்று பொருள் இருக்கிறது. "இம்மூன்றையும் உள்ளடக்கிய கலவை" என்று எழுதினால், நாலாவதாக ஒரு பொருளைச் சேர்த்து விற்பவரும் வேலிக்குள் மாட்டுவார். "இம்மூன்றை மட்டுமே கொண்ட கலவை" என்று எழுதினால், நாலாவது பொருள் சேர்த்தவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார். ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் கோடிக்கணக்கான ரூபாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடும். "எழுவாய் எது, பயனிலை எதுன்னு நீங்க கரும்பலகையில கோடு போட்டுக் காட்டுவீங்களே டீச்சர், அதுதான் இன்னிக்கு எனக்குச் சோறு போடுது" என்றான். சும்மா என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறானோ என்று நினைத்தேன். அப்புறம் அவன் எழுதிய ஒரு கோரிக்கையைப் படித்துக் காட்டினான். ஒரே வாக்கியம், அரைப் பக்கம். வழக்கப்படி ஒரு கோரிக்கை ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டுமாம்.

சரி, இதில் உயிரித் தொழில்நுட்பம் எங்கே வருகிறது? அங்கேதான் இந்தத் தொழில் மற்றதைவிடக் கடினமாகிறது. ஒரு மிஷினை வரைபடம் போட்டு விளக்கிவிடலாம். ஒரு பாக்டீரியாவை எப்படி வார்த்தையில் முழுதாக எழுதுவது? எழுத முடியாது என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நுண்ணுயிரை அங்கீகரிக்கப்பட்ட வைப்பகம் ஒன்றில் கொண்டுபோய் வைத்து, அதன் எண்ணை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் அப்படிப்பட்ட வைப்பகங்கள் இருக்கின்றன.

உயிருள்ள ஒன்றுக்கு உரிமை கேட்கலாமா என்ற கேள்வியே பெரிய கேள்வி. அதை முதலில் பெரிதாகக் கிளப்பியவர் நம் வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ளதற்குக் காப்புரிமை கிடையாது என்று அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1980-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. அதே நீதிமன்றம் 2013-ல், மனித உடலில் இயற்கையாக இருக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துவிட்டோம் என்பதற்காக மட்டும் உரிமை கேட்க முடியாது என்று ஒருமனதாகச் சொன்னது. அது மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரண்டு மரபணுக்கள் பற்றிய மிரியட் வழக்கு.

நம் சட்டம் தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டது. செடி, விலங்கு, விதை இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. நுண்ணுயிருக்கு உண்டு, ஆனால் இயற்கையில் இருந்ததைக் கண்டெடுத்தால் போதாது, மனிதன் மாற்றி உருவாக்கியதாக இருக்க வேண்டும். நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறைக்குக் கிடையாது. பாரம்பரிய அறிவுக்குக் கிடையாது. 1970-ம் வருடச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது 1959-ல் கொடுக்கப்பட்ட ஓர் அறிக்கை. எழுதியவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார். அந்தச் சட்டத்தால்தான் 2005 வரை மருந்துப் பொருளுக்கு இங்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். நம் நாட்டு மருந்துக் கம்பெனிகள் வளர்ந்தது அந்த நிழலில். 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காகச் சட்டம் மாறியது. என் மாணவன் பி.டெக். முடித்து வெளியே வந்ததும் அதே 2005.

அவன் பாதையையும் சொல்கிறேன், நம் பெண்ணுக்கு அதுதான் முக்கியம். தடுப்பூசி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலையில் சேர்ந்தான். இவன் அறிக்கை தெளிவாக எழுதுகிறான் என்று, காப்புரிமை விண்ணப்பத்துக்கு வேண்டிய விவரங்களைத் தொகுக்கும் வேலையை மேலதிகாரி இவனிடம் தள்ளிவிட்டார். அதில் ஆசை பிடித்துப் பேட்டண்ட் ஏஜென்ட் தேர்வு எழுதினான். இதை எல்லோரும் கவனியுங்கள். இந்தத் தேர்வுக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. 21 வயது நிரம்பிய, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்ற இந்தியக் குடிமகன் யாரும் எழுதலாம். இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்முகத் தேர்வு. முதல் தாளில் சட்டம். இரண்டாம் தாளில், ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்து விண்ணப்பம் எழுதச் சொல்வார்கள். இவன் முதல் தடவை நேர்முகத்தில் விழுந்தான். இரண்டாம் தடவை தேறினான். தேறியவர் பதிவு செய்துகொண்டு காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதலாம், அதிகாரி முன் வாதாடலாம். நீதிமன்றத்தில் வாதாடத்தான் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். அவன் சில வருடம் ஏஜென்ட்டாக இருந்து காசு சேர்த்த பிறகுதான் மூன்று வருடச் சட்டப் படிப்புக்குப் போனான்.

தினமும் என்ன வேலை என்று கேட்டேன். காலையில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு முழங்குவான் என்று நினைத்தால் இல்லை. பெரும்பாலும் படிப்பு. உலகத்தில் இதற்கு முன் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். விஞ்ஞானியோடு உட்கார்ந்து "இதில் புதுசு என்ன?" என்று துருவித் துருவிக் கேட்க வேண்டும். எழுத வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆட்சேப அறிக்கை வரும். ஆறு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். விசாரணைக்குப் போக வேண்டும். இந்திய உயிரின வளத்தை வைத்துச் செய்த கண்டுபிடிப்பென்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு. அதன் தலைமையகம் நம் தரமணியில்தான். காப்புரிமை அலுவலகம் கிண்டியில். நாட்டில் மொத்தமே நாலு ஊரில்தான் காப்புரிமை அலுவலகம். அதில் ஒன்று சென்னை.

ஆரம்ப காலத்தில் ஒரு பேராசிரியர் அவனிடம் வந்தாராம். எட்டு வருட உழைப்பு. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே ஆர்வக்கோளாறில் கட்டுரையாக எழுதி ஊரெல்லாம் வெளியிட்டுவிட்டார். சில விதிவிலக்கு தவிர, வெளியான பிறகு வந்தால் கதவு மூடிவிடும். "அவரு முகத்தைப் பாத்துச் சொல்ல வேண்டியிருந்தது டீச்சர். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல" என்றான்.

இதற்கு நேர் எதிரான கதையும் சொன்னான். 1973 நவம்பரில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு உயிரின் மரபணுவை இன்னொன்றில் ஒட்டிப் பெருக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றைய உயிரித் தொழில்நுட்பமே அதன்மேல் நிற்கிறது. காப்புரிமை பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அலுவலர் நீல்ஸ் ரைமர்ஸ் செய்தித்தாளில் படித்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டார். அமெரிக்கச் சட்டப்படி, வெளியிட்ட பின் ஒரு வருடம் அவகாசம் உண்டு. பெர்ட்ரம் ரோலண்ட் என்ற காப்புரிமை வழக்கறிஞர் எழுத, 1974 நவம்பர் 4-ம் தேதி விண்ணப்பம் போனது. கெடு முடிய ஏறக்குறைய ஒரு வாரம்தான் பாக்கி. மற்ற நாடுகளில் உரிமை கைவிட்டுப் போனது போனதுதான். அமெரிக்காவில் மட்டும் 1997 வரை அந்த உரிமைகள் பல்கலைக்கழகங்களுக்கு ஈட்டித் தந்தது சுமார் 25 கோடி டாலர். கோஹன், பாயர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ரோலண்ட் பெயர் எங்கேயும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு வர வேண்டும்.

இனி மாப்பிள்ளையின் மஞ்சள் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யில்லை. 1995-ல் அமெரிக்காவில், மஞ்சள் தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கே காப்புரிமை கொடுத்தார்கள். வாங்கியது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். விண்ணப்பத்தில் இருந்த விஞ்ஞானிகள் இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது இன்னும் வேதனை. மஞ்சள் வேக வைக்கும் வாசனையில் வளர்ந்த நமக்கு ரத்தம் கொதிக்காதா? எனக்கும் அன்று கொதித்தது. பள்ளிக்கூடத்திலேயே ஆத்திரமாகப் பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்த உரிமை எப்படிப் போனது என்பதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. ஊர்வலத்தால் போகவில்லை. மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 32 சான்றுகளைத் தேடி எடுத்தது. அதில் சிலது நூறு வருடத்துக்கு மேல் பழைய சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள். 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் உண்டு. "இது புதிதல்ல" என்று அமெரிக்க அலுவலகத்தின் பாஷையிலேயே எழுதிப் போட்டார்கள். 1997-ல் ரத்தானது. பாட்டிக்குத் தெரிந்த விஷயத்தைப் பாட்டி சொன்னால் அங்கே செல்லாது; அச்சில் காட்ட வேண்டும், சட்டம் கேட்கும் முறையில் காட்ட வேண்டும். அதைக் காட்டத் தெரிந்தவர்கள் நம் பக்கம் இருந்ததால் மஞ்சள் திரும்ப வந்தது.

வேம்பும் அப்படியே. அமெரிக்க விவசாயத் துறையும் கிரேஸ் என்ற கம்பெனியும் வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் வாங்கிய உரிமையை வந்தனா சிவா முதலானோர் எதிர்த்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் டோல்டர். இங்கே முன்பே அதைத் தயாரித்து வந்த ஒரு ஆலைக்காரரின் சாட்சியம் பெரிதும் உதவியது. 2000-ல் ரத்து, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி. மஞ்சளுக்குப் பிறகு அரசாங்கம் ஆயுர்வேத, சித்த, யுனானி ஏடுகளில் உள்ளதையெல்லாம் ஐந்து உலக மொழிகளில் பெயர்த்து, மின்னூலகமாக வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்குப் பார்க்கக் கொடுத்திருக்கிறது.

ஆக, மாப்பிள்ளை, மஞ்சளை எழுதி வாங்கியதும் இந்தத் தொழில்தான், மீட்டுக் கொடுத்ததும் இந்தத் தொழில்தான். நம் பிள்ளைகள் போகாவிட்டால் அந்தத் தொழில் நின்றுவிடப் போவதில்லை. எதிர்ப்பக்கம் உட்கார ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

மருந்து விலை விஷயமும் இப்படித்தான். நோவார்ட்டிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்கான விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது நம் சென்னை அலுவலகம். பழைய மருந்தின் புது வடிவம், குணப்படுத்தும் திறன் கூடியதாகக் காட்டவில்லை என்பது கேள்வி. ஏழு வருடம் நடந்து 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்சநீதிமன்றமும் மறுத்தது. அன்று கம்பெனி மருந்து மாதம் லட்சத்து இருபதாயிரம் வாக்கில். இந்தியக் கம்பெனிகளின் மருந்து எட்டாயிரம், பத்தாயிரம். புற்றுநோயாளிகளுக்கான ஒரு சங்கமே எதிர்த்து நின்றது. அது வேதிப்பொருள் மாத்திரை. உயிரித் தொழில்நுட்பம் இல்லை. ஆனால் சட்டமும் அலுவலகமும் ஒன்றுதான்.

உயிரித் தொழில்நுட்ப மருந்துக்கு எனக்கே தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். அவர் வகைக்கு ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி. உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கும் மருந்து. கிட்டத்தட்ட ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒன்று. ரோச் நிறுவனம் 2013-ல் இந்தியாவில் அதன் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. 2014-ல் பயோகானின் ஒப்புமை மருந்து சந்தைக்கு வந்தது. அவருக்கு நோய் வந்தது அதற்குப் பிறகு. விலை குறைந்தும்கூட அவர் நகையை விற்றுத்தான் ஊசி போட்டார். இன்று நன்றாக இருக்கிறார். அதற்கு முன்னால் நோய் வந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நான் அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

இதை வைத்து என் மாணவனை நேரடியாகவே கேட்டேன். "நீ எந்தப் பக்கம்ப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன் டீச்சர். கம்பெனி இல்லாட்டி புது மருந்து வராது. அவங்க போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க வழி வேணும். ஆனா இல்லாத எல்லையை இருக்கறதா எழுதச் சொன்னா எழுதமாட்டேன். அகலமா எழுதுன வேலி ஒரு நாள் உடையும். பக்கத்துக் காட்டைச் சேத்து எழுதச் சொன்னா எங்கப்பா பேனாவை மூடி வெச்சிருவாரு." சில கட்சிக்காரர்கள் அதனால் போய்விட்டார்கள் என்றும் சொன்னான். இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தந்தது என்று சொல்லமாட்டேன். விலை கட்டாமல் ஊசி போட முடியாதவர் வீட்டில் நின்று கேட்டால் இந்தப் பதில் போதாது. ஆனால் நேர்மையான பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொன்னான். முதல் நாலைந்து வருடம் வருமானம் குறைவு. பேட்டண்ட் ஏஜென்ட் தேர்வு வருடா வருடம் தவறாமல் நடப்பதில்லை, காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் போட முடியும், தமிழில் வழியில்லை. எனவே தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தோடு மல்லுக்கட்டியாக வேண்டும். இவனே கட்டியவன்தான். கெடு தேதி ஒன்று தவறினால் கட்சிக்காரரின் உரிமை போய்விடும். தூக்கம் கெடும் தொழில். உண்மையான கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமல், கல்லூரியின் தரப்பட்டியலுக்காக எண்ணிக்கை காட்டப் போடும் விண்ணப்பங்களும் நிறைய வருகின்றன. அதை எழுதிக்கொடுத்தே பிழைப்பவர்களும் உண்டு. அந்தப் பள்ளத்தில் புதியவர்கள் சுலபமாக விழுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வர வேண்டும் என்றான்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இதைப் படிக்கும் சிலருக்கு அது தெரிந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா என்னிடம் வந்தார். பிளஸ் டூவில் நல்ல மார்க். அவள் சட்டம் படிக்கிறேன் என்கிறாள், என்ன செய்யலாம் என்றார். ஐந்தாம் வகுப்பிலேயே என்னோடு தர்க்கம் செய்த பெண் அவள். கணக்கில் நான் போட்ட தப்பை எழுந்து நின்று திருத்தியவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொம்பளைப் புள்ளைக்குக் கோர்ட்டெல்லாம் எதுக்குங்க? டீச்சர் ட்ரெயினிங் போடுங்க. என்னைப் பாருங்க, நிம்மதியா இருக்கேன்." என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து அப்படியே செய்தார். பயிற்சி முடித்தவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தாள். பணி நியமனம் வரவே இல்லை. போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது கடையில் பில் போடும் இடத்தில் பார்த்தேன். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் பையை வாங்கும்போது கை நடுங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரே பாதையை எல்லோருக்கும் காட்டினேன். ஆசிரியர்களும் பெரியவர்களும் செய்யும் தப்பு இது. நம் அனுபவத்தை அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெண்ணிடம் பேசினேனா? பேசினேன். போன வாரம் வந்திருந்தாள். "ஏன் கண்ணு, ஆராய்ச்சியை விட்டுட்டுப் போறது உனக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "இல்லீங்க அம்முச்சி. லேபில் நான் சராசரிதான், எனக்கே தெரியும். ஆனா மத்தவங்க செஞ்சதைப் படிச்சு, எது புதுசு எது பழசுன்னு பிரிக்கறதுல நேரம் போறதே தெரியறதில்லை" என்றாள். தன் அளவு தனக்குத் தெரிந்த பிள்ளை. இருபத்து மூன்று வயதில் இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

ஆகவே என் கருத்து இது. அவள் போகட்டும். ஆனால் அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே முதலில் பேட்டண்ட் ஏஜென்ட் தேர்வுக்குப் படிக்கட்டும். ஒரு காப்புரிமை அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர முயலட்டும். என் மாணவன் வழிகாட்டுகிறேன் என்றிருக்கிறான். இரண்டு வருடம் அந்த வேலை பிடித்து, கையும் திருந்தினால், அதன்பின் சொந்தச் சம்பாத்தியத்தில் சட்டம் படிக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டம் இல்லை. அவளுக்கு உடனே சட்டக் கல்லூரி போக வேண்டும் என்றுதான் ஆசை. இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் வாடியது. பொறு கண்ணு என்றேன். கல்யாணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். படிக்கிற பெண் வேண்டாம் என்று சொல்லும் வரன் தானாக விலகிப்போனால் அது நமக்கு லாபம்.

மாப்பிள்ளை, உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேரு என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றீர்கள். அந்த வார்த்தையிலேயே உங்கள் மனசு பாதி இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மண்டியில் நீங்கள் ஒரு விரலி மஞ்சளைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவீர்கள். உங்கள் பெண்ணும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறேன் என்கிறாள், காகிதத்தில்.

உங்களில் வக்கீலாக இருப்பவர்கள், மருந்துக் கம்பெனியில் இருப்பவர்கள், கல்லூரியில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டது இருந்தால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவரும் மறுபடி வருகிறார்கள். நீங்கள் எழுதுவதை எல்லோருமாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்